கிரிட் கம்ப்யூட்டிங்: யாரை நம்பிக் கதவைத் திறப்பது?

இந்த முறை கொஞ்சம் கணினி சமாச்சாரம். பயப்பட வேண்டாம், சமன்பாடு எதுவும் கிடையாது. நடுநடுவே பால் சொசைட்டி, ரேஷன் கடை, வி.ஏ.ஓ. ஆபீஸ் எல்லாம் வரும்.

"கிரிட்" என்றால் எங்கள் தர்மபுரிப் பக்கம் யாருக்கும் முதலில் கரண்ட்தான் ஞாபகத்துக்கு வரும். கணினிக்காரர்களும் அந்த வார்த்தையை அங்கிருந்துதான் கடன் வாங்கினார்கள். 1990களில் இயான் ஃபாஸ்டர், கார்ல் கெஸல்மன் போன்றவர்கள் யோசித்தது இதுதான். பென்னாகரத்தில் ஒரு வீட்டில் ஸ்விட்ச் போட்டால் மின்சாரம் மேட்டூரிலிருந்து வருகிறதா, நெய்வேலியிலிருந்து வருகிறதா என்று யாரும் கேட்பதில்லை. கணக்குப் போடும் சக்தியையும் அப்படியே ஆக்கிவிட்டால் என்ன? ஆராய்ச்சியாளர் தன் மேசையிலிருந்து வேலையைக் கொடுப்பார். எந்த ஊரில் எந்தக் கணினி சும்மா இருக்கிறதோ அது செய்துகொடுக்கும். இருவரும் சேர்ந்து தொகுத்த புத்தகம் 1998-ல் வந்தது. அதே வருடம் கிரிட்டுக்கான பாதுகாப்பு அமைப்பைப் பற்றி அவர்களும் வேறு இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையும் வந்தது. அதாவது, குழந்தை பிறந்த வருடமே பூட்டு சாவியைப் பற்றியும் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

ஏன் அவ்வளவு அவசரம்? இணைத்தால் பலமும் கூடும், பயமும் கூடும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவில் மின் கிரிட்டுகள் அடுத்தடுத்து விழுந்து 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இருட்டில் இருந்தார்களே, அப்போது தென்னிந்திய கிரிட் விழவில்லை. நாம் கெட்டிக்காரர்கள் என்பதால் அல்ல. நம்முடையது அந்தக் கிரிட்டுகளோடு ஒரே லயத்தில் இணைக்கப்படாமல் தனியாக இருந்தது. 2013 டிசம்பர் கடைசியில்தான் இணைத்தார்கள். (அந்த வருடங்களில் நமக்கு இருந்த மின்வெட்டு வேறு கதை. அதைச் சொன்னால் இந்தக் கட்டுரை முடியாது!)

மின்சாரத்துக்கும் கணினி வேலைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கம்பியில் வரும் மின்சாரத்துக்கு ரகசியமும் கிடையாது, கெட்ட எண்ணமும் கிடையாது. கணினி கிரிட்டில் பயம் இரண்டு பக்கமும் இருக்கிறது. கணினியின் சொந்தக்காரருக்கு, "முன்பின் தெரியாத ஒருவரின் புரோகிராமை என் வீட்டுக்குள் ஓட விடுகிறேனே" என்ற பயம். வேலை கொடுத்தவருக்கு, "முன்பின் தெரியாத கணினி என் தகவலைத் திருடாதா, பொய் விடை தராதா" என்ற பயம். சாதாரண வெப்சைட்டுக்குப் பாதுகாப்பு என்றால் திருடனை வெளியே நிறுத்துவது. கிரிட்டில் அந்நியனை உள்ளே கூப்பிடுவதுதான் நோக்கமே! அவனையும் உள்ளே விடவேண்டும், நம் பொருளும் பத்திரமாக இருக்கவேண்டும். சிக்கல் அங்கேதான்.

இந்த விஷயம் என்னிடம் வந்து சேர்ந்தது என் பெரியம்மா மகள் மூலமாக. அவர் படித்த காலத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 பாடத்திட்டத்தில் கணினிப் பொறியியலுக்கு ஏழாவது செமஸ்டரில் "கிரிட் அண்ட் கிளவுட் கம்ப்யூட்டிங்" என்று ஒரு பாடமே இருந்தது. ஐந்தாவது யூனிட் முழுக்க பாதுகாப்பு. லேபில் குளோபஸ் டூல்கிட் என்ற மென்பொருளை நிறுவிக் காட்டவேண்டும். அக்காவின் ரெக்கார்ட் நோட்டில் அதற்கான கட்டளைகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. 2017 பாடத்திட்டத்தில் "கிரிட்" போய் "கிளவுட்" மட்டும் மிஞ்சியது. 2018-ல் குளோபஸ்காரர்களே அந்த டூல்கிட்டுக்கான ஆதரவை நிறுத்திக்கொண்டார்கள். வேறொரு சமூகக் குழு அதை எடுத்துப் பராமரிக்கிறது. அக்கா நோட்டைக் கொடுக்கும்போது, "இது செத்துப்போன பாடம், உனக்கு எதுக்கு?" என்றார். படித்துப் பார்த்தால் சாகவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

அந்த ஐந்தாவது யூனிட்டின் சாரத்தை என் பாஷையில் சொல்கிறேன்.

வருமானச் சான்றிதழ் வாங்கியிருக்கிறீர்களா? வி.ஏ.ஓ. உங்களை நேரில் தெரிந்தவர், அல்லது விசாரித்துத் தெரிந்துகொள்பவர். அவர் சொல்வதை வைத்து ஆர்.ஐ. பரிந்துரைக்கிறார், தாலுகா அலுவலகத்தில் கையெழுத்தாகிறது. சென்னையில் இருக்கும் ஒரு கல்லூரி உங்களை ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கையெழுத்தை நம்பி உங்களுக்கு உதவித்தொகை தருகிறது. கிரிட்டின் எக்ஸ்.509 சான்றிதழும் இதேதான். உங்களிடம் ஒரு ரகசியச் சாவி. அதற்கு ஜோடியான பொதுச் சாவியோடு உங்கள் பெயரைச் சேர்த்து "இது இன்னாருடையது" என்று ஒரு சான்றிதழ் அமைப்பு கையெழுத்திடுகிறது. பூனாவில் இருக்கும் கணினி உங்களைத் தெரியாவிட்டாலும் அந்தக் கையெழுத்தைத் தெரிந்துகொள்கிறது. அந்தக் கணினியும் தன் சான்றிதழை உங்களுக்குக் காட்டவேண்டும். இரண்டு பக்கப் பயத்துக்கு இரண்டு பக்கச் சோதனை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, வேலையை ஒப்படைப்பது. நான் இரவு பத்து மணிக்கு வேலையைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகிறேன். அந்த வேலை நள்ளிரவில் இன்னொரு ஊர்க் கணினியிலிருந்து தகவல் எடுக்கவேண்டும். அந்தக் கணினி "நீ யார்?" என்று கேட்கும். நான் தூங்குகிறேன், யார் பதில் சொல்வது? ரகசியச் சாவியையே வேலையோடு அனுப்பினால் ஏ.டி.எம். கார்டையும் பின் நம்பரையும் சேர்த்துக் கொடுத்தது மாதிரி. அதற்குத்தான் பிராக்ஸி சான்றிதழ் என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ரேஷன் கடைக்கு நடந்துவந்து கைரேகை வைக்க முடியாத பாட்டி, தனக்குப் பதிலாக இன்னார் பொருள் வாங்கலாம் என்று படிவம் எழுதிக் கொடுப்பார் இல்லையா, அந்த மாதிரி. புதிதாக ஒரு தற்காலிகச் சாவி ஜோடியை உண்டாக்கி, அதில் என் உண்மையான சாவியால் கையெழுத்திட்டு அனுப்புவேன். வழக்கமாக 12 மணி நேரத்தில் அது காலாவதியாகிவிடும். தற்காலிகச் சாவிக்குக் கடவுச்சொல் கிடையாது. யாராவது திருடினால் பயன்படுத்தலாம்தான். ஆனால் விடிந்தால் அது செல்லாத காசு. முழுப் பாதுகாப்பு கிடையாது, நஷ்டத்துக்கு ஒரு எல்லை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். 2004-ல் இது இணையத் தர ஆவணமாகவே வெளியானது.

சரி, நம் நாட்டில் இதை யார் செய்தார்கள்? சி-டாக் நிறுவனம் "கருடா" என்ற பெயரில் தேசிய கிரிட்டை அமைத்தது. 17 நகரங்களில் 45 ஆராய்ச்சி, கல்வி நிறுவனங்களை இணைத்தார்கள். அதற்குச் சான்றிதழ் கொடுக்க இந்தியன் கிரிட் சர்டிஃபிகேஷன் அதாரிட்டி என்ற அமைப்பையும் உண்டாக்கி, 2008-ல் ஆசிய பசிபிக் பகுதிக் கிரிட் அமைப்பின் அங்கீகாரமும் வாங்கினார்கள். அதனால் இங்கே கொடுத்த சான்றிதழை வெளிநாட்டுக் கிரிட்டுகளும் நம்ப வழி பிறந்தது. இந்த உலகக் கூட்டமைப்பின் விதிகளைப் படித்தால் சுவாரஸ்யமாக இருக்கும். சான்றிதழ் கேட்பவர் போட்டோ அடையாள அட்டையோடு நேரில் வந்து முகத்தைக் காட்டவேண்டும். சான்றிதழின் ஆயுள் 13 மாதத்துக்கு மேல் போகக்கூடாது. சாவியின் கடவுச்சொல் குறைந்தது 12 எழுத்து. எல்லாவற்றையும் விட, சான்றிதழில் கையெழுத்திடும் கணினியை எந்த நெட்வொர்க்கிலும் இணைக்காமல் தனி அறையில் வைக்கவேண்டும், அல்லது அதற்கென்றே உள்ள பாதுகாப்புக் கருவியைப் பயன்படுத்தவேண்டும். உலகம் பூராவையும் இணைக்கும் கிரிட்டின் ஆணிவேர், எதோடும் இணையாத ஒரு தனிக் கணினி! அங்கே போய்ச் சேரும் சங்கிலியின் முதல் கண்ணி, ஒருவர் இன்னொருவரின் முகத்தைப் பார்த்து "ஆமாம், இவர்தான்" என்று சொல்வது.

அந்த 17 நகரங்களில் சென்னை உண்டு, பெங்களூரு உண்டு. எங்கள் மாவட்டம் கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆராய்ச்சி நிறுவனங்கள் எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் இணைப்பார்கள். ஆனால் "தெரிந்தவர் சொன்னால் உள்ளே விடு" என்ற முறையில், தெரிந்தவர் இல்லாத ஊர்க்காரன் வாசலிலேயே நிற்பான்.

இவ்வளவு கட்டுக்காவலும் உடைந்ததா? உடைந்தது. கணிதத்தை யாரும் உடைக்கவில்லை, மனிதர்கள் வழியாக நுழைந்தார்கள்.

2004-ல் அமெரிக்காவின் டெராகிரிட் உள்பட பல நாடுகளின் சூப்பர் கம்ப்யூட்டர் மையங்களில் ஊடுருவல் நடந்தது. "ஸ்டாக்கடோ" என்று அதற்குப் பெயர். விசாரணை போய் முடிந்த இடம் ஸ்வீடனில் உப்சலா நகரத்துப் பையன் ஒருவன். தந்திரம் எளிமையானது. ஒரு கணினிக்குள் நுழைந்ததும் அங்கே உள்ள எஸ்எஸ்எச் புரோகிராமுக்குப் பதிலாக, கடவுச்சொல்லைக் குறித்துவைத்துக்கொள்ளும் போலி புரோகிராமை வைப்பது. ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு இடத்தில் மட்டுமா கணக்கு இருக்கும்? நான்கைந்து மையங்களில் இருக்கும். அவர் இங்கிருந்து அடுத்த மையத்துக்குப் போகும்போது கடவுச்சொல்லும் திருடன் கைக்குப் போகும். அங்கே இன்னொருவர், அவர் வழியாக இன்னொரு மையம்... கிரிட் எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த ஒத்துழைப்பு வலையே திருடனுக்கு ஏணியாகிவிட்டது.

16 வருடம் கழித்து, 2020 மே மாதம், கிட்டத்தட்ட அதே கதை. எடின்பரோவின் ஆர்ச்சர், ஜெர்மனியில் யூலிஷ் உள்பட பல மையங்கள், சுவிட்சர்லாந்தின் தேசிய மையம் எல்லாம் வெளியாரின் நுழைவை மூடவேண்டி வந்தது. திருடுபோன எஸ்எஸ்எச் கணக்குகள்தான் வழி. ஐரோப்பிய கிரிட்டின் பாதுகாப்புக் குழு வெளியிட்ட அறிக்கையின்படி, ஒரு சம்பவத்தில் திருடர்கள் மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தை உண்டாக்கும் புரோகிராமை ஓடவிட்டிருக்கிறார்கள். யாருக்கும் சந்தேகம் வராமலிருக்க, சில கணினிகளில் அதை ராத்திரியில் மட்டும் ஓடும்படி வைத்திருந்தார்களாம்! உள்ளே வந்தவர்கள் அத்தனை பேரும் தாள்படி "தெரிந்தவர்கள்". முகம் பார்த்துக் கொடுத்த கணக்குதான், கை மாறிவிட்டது.

இப்போது எதிர்ப் பக்கத்துக்குப் போவோம். 1999 மே மாதம் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் செட்டி அட் ஹோம் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். விண்வெளியிலிருந்து வரும் ரேடியோ அலைகளில் வேற்றுக்கிரகவாசி யாராவது கூப்பிடுகிறார்களா என்று தேடும் வேலை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் தங்கள் வீட்டுக் கணினியைக் கொடுக்கலாம். சான்றிதழ் வேண்டாம், முகம் காட்ட வேண்டாம். 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். 2020 மார்ச்சில் புது வேலை அனுப்புவதை நிறுத்தும்வரை இருபது வருடத்துக்கு மேல் ஓடியது. இதன் அனுபவத்திலிருந்து பிறந்த போயிங்க் என்ற மென்பொருளில் மற்ற திட்டங்கள் இன்றும் ஓடுகின்றன.

அங்கேயும் திருட்டு உண்டு. பணத்துக்கு அல்ல, பட்டியலில் முதலிடம் பிடிக்க! அதிக வேலை முடித்தவர் பெயர் மேலே வரும் என்பதால் சிலர் புரோகிராமை மாற்றி, கணக்கே போடாமல் "முடித்துவிட்டேன்" என்று விடை அனுப்பினார்கள். ஐம்பது லட்சம் பேரின் முகத்தை எங்கே போய்ப் பார்ப்பது? ஆகவே ஆளைப் பார்ப்பதை விட்டுவிட்டு விடையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரே வேலையை ஒருவரையொருவர் தெரியாத இரண்டு மூன்று பேருக்கு அனுப்பு. விடைகள் ஒத்துப்போனால் ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் இன்னொருவருக்கு அனுப்பு.

இதை வீட்டில் சொன்னபோது எங்கள் அப்பா, "இதைத்தானடா சொசைட்டியில பண்றாங்க" என்றார். உண்மைதான். கிராமத்துப் பால் சொசைட்டியில் நூறு வீட்டுப் பால் ஒரே கேனுக்குள் போகிறது. ஊற்றுபவர் நல்லவரா கெட்டவரா என்று யாரும் விசாரிப்பதில்லை. லாக்டோமீட்டர் வைக்கிறார்கள், கொழுப்பு பார்க்கிறார்கள், தண்ணீர் கலந்திருந்தால் பால் திரும்பிப் போகும். ஊர்ப் பெரிய மனுஷர் பாலுக்கும் அதே லாக்டோமீட்டர்தான்.

இந்த முறைக்கும் விலை இருக்கிறது. ஒவ்வொரு வேலையையும் இரண்டு தடவை செய்தால் பாதி சக்தி சோதனைக்கே போய்விடும். வேறுவேறு பிராசஸர்களில் தசம எண் கணக்கு கடைசி இலக்கங்களில் கொஞ்சம் மாறும் என்பதால், நேர்மையான இருவரின் விடையே ஒத்துப்போகாமல் போகலாம். அதற்காக ஒரே வகைக் கணினிகளுக்குள் ஜோடி சேர்க்கவேண்டியிருக்கிறது. ரகசியத் தகவலுக்கு இது உதவவே உதவாது. கணினியின் சொந்தக்காரர் நினைத்தால் உள்ளே இருப்பதையெல்லாம் பார்க்கலாம். மருத்துவமனைப் பதிவேட்டை இப்படி ஊரெல்லாம் அனுப்ப முடியுமா? பூட்டியபடியே கணக்குப் போடும் மறைகுறியாக்க முறையை 2009-ல் கிரெய்க் ஜென்ட்ரி காட்டினார். ஆனால் பெரிய வேலைகளுக்கு அது இன்னும் மிக மெதுவானது. இன்னொரு பக்கம், கணினியைக் கொடுப்பவரின் பயத்துக்குப் பதிலாக, போயிங்க் திட்டங்கள் தங்கள் புரோகிராமில் டிஜிட்டல் கையெழுத்திட்டு அனுப்புகின்றன. அந்தக் கையெழுத்துச் சாவியை எங்கே வைக்கச் சொல்கிறார்கள் தெரியுமா? நெட்வொர்க்கில் இணைக்காத ஒரு தனிக் கணினியில்! இரண்டு பக்கமும் கடைசியில் அதே பூட்டிய அறைக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

என் கட்சி என்ன? எங்களைப் போன்ற சின்ன ஊர் மாணவர்களுக்கு இரண்டாவது கதவுதான் ஒத்துவரும் என்பேன். வெறும் வாதத்துக்காகச் சொல்லவில்லை, இப்போது எங்களுக்கு ஒரு வேலை அதில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

தர்மபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பல் கறையேறியவர்களை எங்கள் ஊர்களில் சாதாரணமாகப் பார்க்கலாம். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியதே இதற்காகத்தான். எங்கள் கல்லூரியில் வேதியியல் மேடம் ஒருவர், புளோரைடைப் பிடித்துவைக்கும் பொருட்களைப் பற்றிக் கணினியில் மாதிரிக் கணக்குகள் போட்டுப் பார்க்கிறார். மொத்தம் 3000 கணக்குகள். ஒவ்வொன்றும் ஒரு கணினியில் 40 நிமிடம். ஆக 2000 மணி நேரம், ஒரே கணினி என்றால் 83 நாள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சின்னச் சின்னக் கணக்குகள், கிரிட்டுக்கென்றே செய்த மாதிரி! எங்கள் லேபில் 60 கணினிகள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அணைந்து காலை எட்டு மணிக்குத்தான் விழிக்கின்றன. இரவுக்கு 900 மணி நேரம். மூன்று இரவில் முடித்துவிடலாம்.

அனுமதி கேட்டோம். லேப் பொறுப்பாளர் சார் கேட்டார்: "வைரஸ் வந்தா யார் பொறுப்பு? ராத்திரியில உங்க புரோகிராம் ஓடுதா, வேற ஏதாவது ஓடுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?" கூட வந்த நண்பனுக்குக் கோபம். எனக்கு அந்த இரண்டாவது கேள்வி அசல் கேள்வியாகப் பட்டது. 2020-ல் ஐரோப்பாவில் நடந்தது அதுதானே, ராத்திரியில் வேறு ஏதோ ஓடியது!

அதனால் அவர் கேள்விகளுக்குப் பதிலாகவே இரண்டு பக்கத்துக்கு ஒரு திட்டம் எழுதினோம். புரோகிராம் தனியான, அதிகாரமில்லாத ஒரு யூசர் கணக்கில் ஓடும். மற்ற கோப்புகளைத் தொடாது. கணினிகள் ஒரே ஒரு தலைமைக் கணினியோடு மட்டும் பேசும், வெளி இணையம் கிடையாது. புரோகிராமின் கையெழுத்தைச் சரிபார்க்காமல் எந்தக் கணினியும் ஓட்டாது, அந்தச் சாவி மேடத்தின் பென் டிரைவில் பீரோவுக்குள் இருக்கும். எந்தக் கணினி எந்த நிமிடம் எந்த வேலை செய்தது என்று தினமும் காலையில் சாருக்கு ஒரு தாள். விடைகளைப் பொறுத்தவரை, பத்தில் ஒன்றை மட்டும் மறுபடி சோதித்தால் போதும் என்று நண்பன் சொன்னான். கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு கணினிக்கு 50 வேலை, அதில் 5 சோதனை. அந்தக் கணினி ஐந்தில் ஒரு விடையைத் தப்பாகத் தந்தால், ஐந்து சோதனையிலும் மாட்டாமல் தப்பிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு. குடிநீர் விஷயத்தில் அது அதிகம் என்று எல்லாவற்றையும் இரண்டு முறை செய்வதென்று முடிவு செய்தோம். மூன்று இரவு ஐந்து இரவாகும், போகட்டும்.

திட்டம் மேலே போனது. அங்கே வந்த கேள்வி எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாதது: கரண்ட் பில் யார் கட்டுவது? கணினிக்கு 100 வாட் என்று வைத்தால் ஒரு இரவுக்கு 90 யூனிட், ஐந்து இரவுக்கு 450 யூனிட். கிரிட் கடைசியில் மின்சார கிரிட்டிலேயே வந்து நின்றது! அந்தக் கோப்பு இன்னும் அலுவலகத்தில் இருக்கிறது.

இதற்கிடையில் சார் தன் பொறுப்பில் நான்கு பழைய கணினிகளைக் கொடுத்தார். கல்லூரி நெட்வொர்க்கோடு சேராமல் தனி ஸ்விட்சில் இணைத்து இரவு பகலாக ஓடுகின்றன. இந்த வேகத்தில் 42 நாள் ஆகும். இன்றோடு பதினோரு நாள், 790 கணக்குகள் வரை முடிந்திருக்கின்றன. ஏழு கணக்குகளில் இரண்டு விடைகளும் ஒத்துப்போகவில்லை. மூன்றாவது தடவை ஓட்டிப் பார்த்ததில் ஏழிலும் தப்பு விடை தந்தது ஒரே கணினி, மூன்றாம் நம்பர். நான்கிலும் ஒரே மாடல் பிராசஸர், தசம வித்தியாசம் என்று சொல்லவும் வழியில்லை. அதைத் தொட்டவர் யாரும் கிடையாது, அறைச் சாவி சாரிடம்தான். ரேம்தான் கெட்டிருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை கழற்றிப் பார்க்கப் போகிறோம். அதுவரை மூன்றாம் நம்பர் தந்த எல்லா விடைகளும் மறுபடி வரிசையில் நிற்கின்றன.